விட்டு விட்டு வரும் காய்ச்சல், பிடிபடாத காரணம்: பெரியவர்களுக்கான முழு வழிகாட்டி

எங்கள் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது வாரம் ஆகியும் என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று டாக்டர்கள், நான்கு சுற்று ஆன்டிபயாடிக், கை கொள்ளாத ரிப்போர்ட்டுகள். கடைசியில் வழி காட்டியது சித்தி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்த எண்கள். நோட்டை வாங்கி ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்த நாலாவது டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சமீபத்தில் பல் ஏதாவது பிடுங்கினீர்களா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அடிப்படை.

எதை "காரணம் தெரியாத காய்ச்சல்" என்கிறார்கள்?

1961-இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இப்படிப்பட்ட 100 நோயாளிகளை ஆராய்ந்து ஒரு வரையறை கொடுத்தார்கள். காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (38.3 செல்சியஸ்) மேல் பலமுறை ஏறியிருக்க வேண்டும், மூன்று வாரத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் காரணம் தெரியாமல் இருக்க வேண்டும். 1991-இல் இதைத் திருத்தினார்கள். ஒரு வாரப் படுக்கை போய், மூன்று நாள் உள்நோயாளியாகவோ மூன்று முறை வெளிநோயாளியாகவோ பார்த்தால் போதும் என்றானது. இப்போது நாள் கணக்கைவிட, அடிப்படைப் பரிசோதனைகள் எல்லாம் ஒழுங்காக முடிந்தனவா என்றுதான் பார்க்கிறார்கள்.

மூன்று வாரம் என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண வைரஸ் காய்ச்சல்கள் பெரும்பாலும் அதற்குள் தானாகவே போய்விடும். அதையும் தாண்டி நிற்பதுதான் தனியாகத் தேட வேண்டியது. அப்படித் தேடிப் போனால் கிடைப்பது பெரும்பாலும் யாரும் கேள்விப்படாத அபூர்வ வியாதியாக இருக்காது. தெரிந்த வியாதிதான், வேறு வேஷத்தில் வந்திருக்கும்.

முதல் படி: அது காய்ச்சல்தானா?

சிரிக்காதீர்கள். "உள்காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் அலைகிறவர்களில் பலருக்குத் தெர்மாமீட்டரில் 99-ஐத் தாண்டுவதே இல்லை.

98.6 என்ற எண் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வுண்டர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் தந்தது. 1992-இல் ஆரோக்கியமான 148 பேரை அளந்து பார்த்தபோது சராசரி 98.2 என்று வந்தது. இயல்பின் மேல் எல்லை 99.9 வரை போனது. காலை ஆறு மணி வாக்கில் உடல் வெப்பம் ஆகக் குறைவு. மாலை நாலிலிருந்து ஆறுக்குள் ஆக அதிகம். இந்த ஏற்ற இறக்கமே ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு இருக்கும். பெண்களுக்குக் கருமுட்டை வெளியான பிறகு, அடுத்த மாதவிலக்கு வரைக்கும் சற்றுக் கூடுதலாகவே நிற்கும். ஆக, தினமும் மாலையில் 99.4 காட்டுகிறது என்பது மட்டுமே நோய் ஆகாது. அதோடு எடை குறைகிறது, இரவில் சட்டை நனைய வியர்க்கிறது, பசியே இல்லை என்றால் கதை வேறு. எண் சிறியதாக இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

அளக்கும்போது சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். ஒரே தெர்மாமீட்டர், உடம்பில் ஒரே இடம். அக்குளில் வாயைவிடக் குறைவாகக் காட்டும். அதற்காக நீங்களாக ஒரு டிகிரி கூட்டி எழுத வேண்டாம். "அக்குள்" என்று குறித்தால் போதும். நெற்றியை நோக்கிப் பிடிக்கும் கருவியை நான் நம்புவதில்லை. வியர்த்த நெற்றியில் அது குறைத்துக் காட்டும்.

இரண்டாம் படி: காத்திருக்கக் கூடாதவர்கள்

இந்த வழிகாட்டி மெதுவாகத் தேடுவதைப் பற்றியது. கீழே இருப்பதில் ஒன்று இருந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

- மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, வலிப்பு, மயக்கம், எழுப்பினாலும் எழாத தூக்கம்
- கழுத்தை மடக்க முடியாத விறைப்பு, கடும் தலைவலி
- அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதா புள்ளிகள். எங்கிருந்தாவது ரத்தக் கசிவு
- சிறுநீர் வெகுவாகக் குறைவது, கை கால் சில்லிட்டுப் போவது
- முதுகுவலியோடு கால் பலவீனம், அல்லது சிறுநீர் கழிப்பதில் திடீர்ச் சிரமம்
- திடீரெனப் பார்வை மங்குவது, ஒரு பக்கக் கை கால் வராமல் போவது

கீமோதெரபி எடுப்பவர்களுக்கு 100.4-ஐத் தொட்டாலே அவசரம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது கணக்கு. உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், கர்ப்பிணிகள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோரும் மூன்று வாரம் என்று நாள் எண்ணக் கூடாது.

மூன்றாம் படி: நோட்டு

எனக்குக் கேட்டால், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். செலவில்லாதது என்பதாலேயே யாரும் செய்வதில்லை.

ஒரு நாளைக்கு நான்கு முறை, அதே நேரங்களில் அளந்து எழுதுங்கள். காய்ச்சல் ஏறுவது போல இருந்தால் அப்போதும் ஒருமுறை. வெப்பத்தின் பக்கத்திலேயே நாடித் துடிப்பையும் எழுதுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், காய்ச்சல் ஒரு டிகிரி ஏறினால் நாடி நிமிடத்துக்குச் சுமார் பத்து துடிப்பு ஏறும். 103 காய்ச்சலில் நாடி 84-லேயே நின்றால் அது ஒரு துப்பு. டைஃபாய்டிலும் சில மருந்துகளால் வரும் காய்ச்சலிலும் அப்படி நடப்பதுண்டு. இதய அடைப்புக்கோ ரத்த அழுத்தத்துக்கோ நாடியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சித்தியின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

*காலை 6 – 98.4, நாடி 80. பகல் 12 – 99.6, நாடி 92. மாலை 5 – குளிர் நடுக்கம். 5.40 – 102.2, நாடி 116. பாராசிட்டமால் ஒன்று. 7 – வியர்த்துக் கொட்டியது, பனியன் மாற்றினோம். இரவு 10 – 99. ஆன்டிபயாடிக் நிறுத்தி இன்று ஐந்தாம் நாள்.*

கடைசி வரிதான் விஷயமே. பத்துப் பக்கம் சேர்த்துப் பார்த்தபோது ஒரு கோலம் தெரிந்தது. ஆன்டிபயாடிக் உள்ளே போகும் நாட்களில் காய்ச்சல் அடங்கியிருந்தது. நிறுத்திய நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ திரும்ப வந்தது. நான்கு சுற்றிலும் அதே கதை. வைரஸ் இப்படி நடந்துகொள்ளாது. மருந்து எட்டியும் எட்டாத ஒரு மூலையில் பாக்டீரியா உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த நோட்டு சொன்னது. பல் பிடுங்கிய கேள்வி அதிலிருந்து வந்தது. பிடுங்கியிருந்தார், காய்ச்சல் வருவதற்கு மூன்று வாரம் முன்னால். காய்ச்சலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரிடமும் சொல்லவில்லை. வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் கலந்து, ஏற்கெனவே லேசாகப் பழுதாகியிருந்த இதய வால்வில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கோலத்தை அளவுக்கு மீறியும் நம்பக் கூடாது. மலேரியா ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்று பாடத்தில் இருக்கிறது. தொடக்க நாட்களில் அது எப்படி வேண்டுமானாலும் வரும். மணிக்கொரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் எந்தக் கோலமும் நிற்காது. அதனால் டாக்டர் "ஒருநாள் மாத்திரை போடாமல் அளந்து வாருங்கள்" என்று சொல்லக்கூடும். நீங்களாக அதைச் செய்ய வேண்டாம்.

நான்காம் படி: சொல்ல மறந்ததைச் சொல்லுங்கள்

டாக்டரிடம் போகும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வீட்டாரையும் கூட வைத்துக்கொண்டு, கடந்த ஆறு மாதத்தை எழுதுங்கள். பல் சிகிச்சை, ஆபரேஷன், உடம்புக்குள் வைத்த செயற்கை மூட்டு, வால்வு, பேஸ்மேக்கர். போய் வந்த ஊர்கள், காட்டுப்பகுதி, வயல் வேலை. ஆடு மாடு, பூனை, பறவைகளோடு பழக்கம். காய்ச்சாத பால் குடித்தது (புரூசெல்லோசிஸ் என்ற கால்நடைத் தொற்று அப்படியும் வருகிறது). வீட்டிலோ வேலையிடத்திலோ யாருக்காவது காசநோய். பாதுகாப்பற்ற உடலுறவு, ஊசியால் எடுக்கும் போதை. கடைசி இரண்டையும் சொல்லக் கூச்சமாக இருக்கும். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

அப்புறம் குளியலறையில் நல்ல வெளிச்சத்தில் தலை முதல் கால் வரை பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல ஒரு சிறிய கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம்: ஸ்க்ரப் டைஃபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலைப் பரப்பும் பூச்சி கடித்த தடம் அது. வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்புப்பட்டை இறுக்கும் இடம் என்று பெரும்பாலும் மறைவான இடத்தில் இருக்கும். அதைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நகத்துக்கு அடியில் சிராய் குத்தியது போன்ற கோடுகள் இதய வால்வுத் தொற்றில் வரும். காய்ச்சல் உச்சத்தில் தோன்றி, இறங்கும்போது மறையும் இளஞ்சிவப்புத் தடிப்பை டாக்டர் அறைக்குப் போகும்போது காட்ட முடியாது. செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்க வேண்டியது தனி. நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலியா? சீப்பு வைத்தால் மண்டைத்தோல் வலிக்கிறதா? உணவை மென்றால் தாடை கடுக்கிறதா? நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியின் அடையாளங்கள் இவை. கண் பார்வையைப் பறித்துவிடக்கூடியது என்பதால், உறுதியாகும் வரை காத்திருக்காமல் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: மாத்திரைப் பெட்டியைக் கொட்டுங்கள்

காய்ச்சலுக்கு மருந்தே காரணமாக இருக்கலாம். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகள், சல்ஃபா, வலிப்புக்கான ஃபெனிட்டாயின், யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. பெரும்பாலும் மருந்து தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல் தலைகாட்டும். ஆனால் மாதக்கணக்கில் ஒத்துக்கொண்ட மருந்தும் ஒருநாள் இப்படிச் செய்யலாம். விசித்திரம் என்னவென்றால், 102 காய்ச்சலிலும் ஆள் தெம்பாக நடமாடிக்கொண்டிருப்பார். மருந்தை நிறுத்தினால் பொதுவாக இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். எதை நிறுத்துவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் வேறு ஆபத்து. மூலிகைப் பொடி, லேகியம், சத்து மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்தே மேஜையில் வையுங்கள்.

ஆறாம் படி: பரிசோதனைகள்

முதல் சுற்றில் வர வேண்டியவை இவை: முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ரத்தத் தடவலை நுண்ணோக்கியில் பார்ப்பது, இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனைகள்), கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள், சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), எச்.ஐ.வி., மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், ரத்தக் கல்ச்சர் மூன்று செட். மலேரியா, டைஃபாய்டு போன்றவை வாழும் இடத்தையும் போய் வந்த இடத்தையும் பொறுத்தவை.

ரத்தக் கல்ச்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் கோட்டை விட்டது அங்கேதான். ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம், ஒரு செட்டுக்கு இரண்டு பாட்டில், வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று செட். "இவ்வளவு ரத்தமா?" என்று சித்தப்பா முணுமுணுத்தார். பெரியவர்களின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூட இல்லாமல் போகலாம். கொஞ்சமாக எடுத்தால் வலையில் மீன் விழாது. அதைவிட முக்கியம், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பு எடுக்க வேண்டும். சித்தப்பாவுக்கு முதலில் எடுத்த கல்ச்சர் மருந்தின் மூன்றாம் நாள் எடுத்தது. ஒன்றும் வளரவில்லை. "இன்ஃபெக்‌ஷன் இல்லை" என்று எழுதிவிட்டார்கள். நாலாவது டாக்டர் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு எல்லா ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தி, சில நாள் விட்டு எடுத்தார். மூன்று செட்டிலும் வளர்ந்தது.

பொய் சொல்லும் சோதனைகளும் உண்டு. டைஃபாய்டுக்கான வைடால் ரத்தச் சோதனையில் ஒரே ஒரு 'பாசிட்டிவ்' வந்தால் அது டைஃபாய்டு ஆகாது. பழைய தொற்றோ தடுப்பூசியோ வேறு காய்ச்சலோகூட அதைக் காட்டும். மான்டூ (காசநோய்க்கான தோல் ஊசிச் சோதனை) நெகட்டிவ் என்பதால் காசநோய் இல்லை என்று சொல்லவும் முடியாது, பாசிட்டிவ் என்பதால் அதுதான் காரணம் என்று சொல்லவும் முடியாது. ஏ.என்.ஏ. (உடல் தன்னையே தாக்கும் நோய்களுக்கான ரத்தச் சோதனை) லேசாகப் பாசிட்டிவாக இருப்பது நல்ல ஆரோக்கியமானவர்களிடமும் சகஜம். எந்தத் துப்பும் இல்லாமல் "எல்லாம் அடங்கிய பேக்கேஜ்" ஒன்றை எடுத்தால் இந்த மாதிரி அரைகுறைப் பாசிட்டிவ்களே வந்து குழப்பும்.

முதல் சுற்றில் பிடிபடவில்லை என்றால் அடுத்தது துப்பைப் பின்தொடர்ந்து போவது. ஃபெரிட்டின், எல்.டி.எச். என்ற ரத்தச் சோதனைகள், எக்கோ (இதய ஸ்கேன்), மார்பும் வயிறும் சேர்ந்த சி.டி. ஸ்கேன். அதிலும் இல்லையென்றால் பெட் ஸ்கேன். உடம்பில் எங்கே சர்க்கரை அதிகம் எரிகிறதோ அந்த இடம் அதில் ஒளிரும். நோயின் பெயரை அது சொல்லாது, எங்கே ஊசி குத்த வேண்டும் என்று காட்டும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பாக இருந்தால் அதில் பெரிதாக எதுவும் அகப்படுவது குறைவு. அவ்வளவு செலவு தேவையா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நெறிக்கட்டியை எடுத்துப் பயாப்ஸி (திசுவை நுண்ணோக்கியில் ஆராய்வது) செய்கிறார்கள் என்றால் இரண்டு விஷயம் கேளுங்கள். நிணநீர்ப் புற்றைச் சந்தேகித்தால் ஊசியால் உறிஞ்சுவதைவிட முழுக் கட்டியையும் எடுப்பது நல்லது. எடுத்ததில் ஒரு பகுதியை ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) போடாமல் கல்ச்சருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். காசநோய்க் கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் வாய்ப்பு போய்விடும். ஆபரேஷன் அறையில் ஒரு நிமிட மறதியில் நடந்துவிடுகிற காரியம் இது.

காரணங்கள் எந்தெந்தக் குடும்பம்?

தொற்றுகளில் முன்னணியில் நிற்பது நுரையீரலுக்கு வெளியே இருக்கும் காசநோய்: நெறி, முதுகெலும்பு, வயிறு. பிறகு இதய வால்வுத் தொற்று, கல்லீரலிலோ இடுப்புக்குழியிலோ ஒளிந்திருக்கும் சீழ்க்கட்டி. இரண்டாவது குடும்பம், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்கள்: லூபஸ், ரத்தக்குழாய் அழற்சி, பெரியவர்களுக்கு வரும் ஸ்டில் நோய். இந்தக் கடைசியில் தினமும் மாலையில் காய்ச்சல் ஊசிமுனை போல ஏறி இறங்கும், தொண்டை வலிக்கும், மூட்டு வலிக்கும், ஃபெரிட்டின் பல ஆயிரங்களுக்கு எகிறும். மூன்றாவது, புற்று: லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று), ரத்தப் புற்று, சிறுநீரகப் புற்று. மிச்சமெல்லாம் உதிரி: மருந்துக் காய்ச்சல், தைராய்டு அழற்சி, கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி. புற்று மூன்றாவதாக வருவதைக் கவனியுங்கள். இரவு இரண்டு மணிக்கு இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் வரும்.

ஏழாம் படி: தேடும் நாட்களில் என்ன செய்வது?

ஆள் நிலையாக இருக்கும்வரை, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ போடாதீர்கள். ஸ்டீராய்டு போட்டால் இரண்டே நாளில் காய்ச்சல் போய், ஆள் எழுந்து உட்கார்ந்து, எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். உள்ளே லிம்ஃபோமா இருந்தால் பயாப்ஸியில் தெரியாத அளவுக்கு அது சுருங்கிப் போகலாம். காசநோய் இருந்தால் பரவும். நிலைமை சரிந்துகொண்டே போனால், அல்லது மேலே சொன்ன நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சி போன்ற சந்தேகம் இருந்தால் டாக்டர் காத்திருக்க மாட்டார். அது அவர் எடுக்கும் முடிவு. கடையில் கேட்டு வாங்குவது வேறு.

பாராசிட்டமால் உடல் அசதிக்காகத்தான். 101-ஐக் கண்டதும் விழுங்கியாக வேண்டும் என்று இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, குறைந்தது நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில். நாள் முழுதுக்கும் 4 கிராமைத் தாண்டவே கூடாது. கல்லீரல் கோளாறு, மதுப்பழக்கம், மெலிந்த உடல் இருந்தால் அதைவிடக் குறைவு. எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். டெங்கு சந்தேகம் நீங்கும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம்.

குளிர்ந்த நீரில் துடைக்காதீர்கள். மூளையில் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு மையம் 102-ஐ இலக்காக வைத்திருக்கும்போது தோலைச் சில்லிட வைத்தால், உடம்பு நடுங்கி இன்னும் சூட்டைக் கிளப்பும். துடைத்தே ஆக வேண்டும் என்றால் வெதுவெதுப்பான நீர். நடுக்கம் இருக்கும்போது போர்வை, வியர்க்கும்போது மெல்லிய துணி. சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போகும் அளவுக்கு நீர் குடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே எடைமேடையில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

இன்னொன்று: வாரத்துக்கொரு டாக்டரை மாற்றாதீர்கள். ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார், ஒவ்வொருவரும் ஒரு ஆன்டிபயாடிக் எழுதுவார். நேரம் கொடுத்துக் கேட்கிற ஒரு பொது மருத்துவ நிபுணரைப் பிடித்துக்கொண்டு, அவர் வழியாக மற்ற நிபுணர்களிடம் போங்கள். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் என்றால் எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேண்டும்.

எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை என்றால்?

அப்படியும் நடக்கும். சில ஆய்வுகளில் பாதிப் பேருக்குக் கடைசிவரை பெயர் கிடைக்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தாலும் இவர்கள் நிலை பெரும்பாலும் மோசமில்லை; பலருக்குச் சில மாதங்களில் காய்ச்சல் தானாகவே நின்றுவிடுகிறது. ஆள் தெம்பாக இருந்து, எடை குறையாமல், சி.ஆர்.பி. ஏறாமல் இருந்தால் டாக்டர் "பொறுத்துப் பார்ப்போம்" என்பார். கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வாரத்துக்கு ஒருமுறை மறுபடி தலை முதல் கால் வரை பரிசோதனை, புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்ற கேள்வி, அடிப்படை ரத்தச் சோதனைகள். முதல் வாரத்தில் இல்லாத நெறிக்கட்டி எட்டாவது வாரத்தில் வரலாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாத பொட்டு ஒன்று அடுத்ததில் தெரியலாம்.

சித்தப்பாவுக்கு நான்கு வாரம் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஐந்தாம் நாளிலிருந்து காய்ச்சல் இல்லை. இப்போது பல் டாக்டரிடம் போகும் முன், ஒருமுறை வால்வுத் தொற்று வந்தவர் என்று சொல்லி, சிகிச்சைக்கு முன் ஒரு வேளை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்கிறார். சித்தி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதி, பர்ஸில் வைக்கச் சொல்லி ஒரு நகல் கொடுத்திருக்கிறார்.